மண்ணெண்ணெய்க் காலத்து அடைப்பு

மீள்குடியேறி வந்த சனம் முதலில் கிணறு இறைத்தது, பிறகு கூரை போட்டது. உயிலங்குளத்துக் கதிர்காமு முதலில் பெயர்ப்பலகை நட்டார். கூரைக்குக் கிடைத்த தகரத்தில் ஒன்றை வெட்டித்தான் அதைச் செய்தார். அதனால் அந்த மாரி முழுக்க ஊரில் எங்கு பெய்யாவிட்டாலும் அவருடைய தலைமாட்டில் பெய்தது. ‘க. கதிர்காமு, மோட்டார் மெக்கானிக்’ என்ற அந்தப் பலகைக்குக் கீழே கதிரை போட்டு இருந்துதான் அவர் உலகத்தைப் பார்த்தார். உலகம் அவருக்குப் பிடிக்கவில்லை.

மன்னார் டவுன் மெக்கானிக்மார் அவருடைய கணக்கில் நட்டுக்கும் போல்ட்டுக்கும் கலியாணம் பேசுகிற தரகர்கள். கொழும்பில் படித்து வந்தவர்கள் டோர்ச் பிடிக்கப் படித்தவர்கள். தான் கைவைத்த சாமான் எதிலும் ஆணியால் ஒரு ‘க’ கீறி, பக்கத்தில் வருடத்தையும் போடுவார். தன் வேலைக்கு வேறு எவனாவது உரிமை கொண்டாடிவிடுவான் என்ற பயம்.

ஒரு வெள்ளிக்கிழமை தலைமன்னாரிலிருந்து செலீனா ஒரு கிறீம் நிற றைலிக் காரில் வந்து இறங்கினாள். இரட்டைக் காபரேட்டர் வைத்த பழைய கார். விடியற்காலம் வெளிக்கிட்டவள் மத்தியானம் வந்து சேர்ந்தாள். பாலத்தில் தன்னை முந்திய கழுதைகள் இரண்டு, தள்ளாடிச் சந்தியில் நின்று புல் மேய்ந்துவிட்டு, மறுபடியும் தன்னை முந்தியதாகச் சொன்னாள். சிரிக்காமல் சொன்னாள்.

புருசன் செத்து ஒரு வருடம். இடம்பெயர்ந்து திரிந்த காலமெல்லாம் அந்த மனுசன் கைவிடாமல் வைத்திருந்தது அந்தக் கார் ஒன்றைத்தான். திங்கட்கிழமை தொடங்கி டவுனிலிருந்து மூன்று ரீச்சர்மாரை நானாட்டான் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்க அவளுக்கு ஒழுங்காகியிருந்தது. முதல்நாளே பிந்தினால் ரீச்சர்மார் வான் வண்டிக்கு மாறிவிடுவார்கள். நின்ற இடத்தில் எஞ்சின் பூனைக்குட்டி மாதிரி உறுமுகிறது, றோட்டில் ஏறினால் இழுக்குதில்லை, சூடேறுகிறது, பெற்றோலைக் குடிக்கிறது என்றாள். டவுனில் மெக்கானிக் சாஹுல் ஹமீட் பார்த்ததாகவும் சொன்னாள்.

அந்தப் பெயரே கதிர்காமுவுக்குப் போதுமாக இருந்தது. பொனற்றைத் திறந்தார். இரண்டு காபரேட்டரிலும் துளை போட்டு, ஆஸ்பத்திரிச் சேலைன் குழாயால் முச்சந்தி மாதிரி ஒன்று சேர்த்து, நெருப்புப்பொறியைப் பங்கிடுகிற டிஸ்ரிபியூட்டருக்குக் கொண்டுபோய் மாட்டியிருந்தது. கதிர்காமு ஒரு அடி பின்வாங்கி நின்று அதைப் பார்த்தார், செத்த பாம்பைப் பார்க்கிற மாதிரி.

“ரெண்டு மூக்குத்துவாரம் இருக்கெண்டு ஆராவது துடைக்க ரெண்டு லேஞ்சி கொண்டு திரியிறவையோ, பிள்ளை?”

திருத்தக் குடுத்த உழவு இயந்திரத்துக்காகக் காத்திருந்த நிரூபனும், பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பேரும் கிட்ட வந்தார்கள். ஆட்கள் சேர்ந்தால் கதிர்காமுவின் குரல் தானாக உயரும். எஞ்சின் இழுக்கிற மூச்சுக்குத் தக்கபடி நெருப்புப்பொறி முந்திக்கொள்ள வேண்டும், அந்தச் சங்கதியை டிஸ்ரிபியூட்டருக்குக் கொண்டுபோகிறது இந்த மெல்லிய குழாய், எத்தனை காபரேட்டர் இருந்தாலும் ஒன்றிலிருக்கிற ஊசித்துளை போதும், சங்கதி போகாவிட்டால் பொறி பிந்தும், கார் கழுதைக்கு வழிவிடும் என்று விளக்கினார். பிறகு சேலைன் குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு, டிஸ்ரிபியூட்டரோடு ஒட்டியிருந்த வக்கியூம் கிண்ணத்தில் வாயை வைத்து உறிஞ்சினார். உள்ளே தட்டு அசைய வேண்டும். அசையவில்லை. இன்னும் உறிஞ்சினார். கண்முழி இரண்டும் உள்ளே போய்விட்டு வந்ததாக நிரூபன் பிறகு சொன்னான். தட்டு அசையவே இல்லை.

கிண்ணத்தின் வாயைத் துடைத்துப் பார்த்தார். பித்தளை ஆணி ஒன்றை இறுக்கி, மேலே தார் பூசி அடைத்திருந்தது. சாஹுல் ஹமீட் அதைக் காணாமலே குழாய் மாட்டியிருக்கிறான்.

“மூச்சுக்குழலை ஆணி வைச்சு அடைச்சிருக்கிறான், பாருங்கோ. இவன் மெக்கானிக் இல்லை, சவப்பெட்டி செய்யிறவன்,” என்றார். நிரூபனைத் திரும்பிப் பார்த்தார். “இதை அடைச்சவன் ஆரெண்டாலும் தன்ரை பேர்ப்பலகையைக் கழட்டிப்போட்டு ஆடு மேய்க்கப் போகவேணும். ஆளைக் காட்டுங்கோ, நானே போய்க் கழட்டுறன்.”

நாலு பேரும் கேட்டார்கள். அதற்குப் பிறகுதான் அவர் மண்ணெண்ணெய்ச் சீலையால் தாரை அழுத்தித் துடைத்தார். கீழே, தகரத்தில், ‘க 95’ என்று இருந்தது.

சீலை அப்படியே நின்றது.

சண்டையில் பெற்றோல் தடைபட்டு, மண்ணெண்ணெயில் கார் ஓடிய காலம் அது. பொறி முந்தினால் எஞ்சின் தட்டும், அதனால் குழாயைக் கழற்றி வாயை அடைத்துவிட்டு பொறியின் ரைமிங்கையும் பின்னுக்குத் தள்ளுவதுதான் முறை. அன்றைக்கு அந்தக் கார் ஹெலிகொப்டருக்குப் பயந்து சேறு பூசிக்கொண்டு வந்திருக்கும். நிறம் கண்டிருக்க மாட்டார். செய்ததில் பிழை ஒன்றும் இல்லை. இதை ஒரு நிமிசத்துக்கு முதல் சொல்லியிருக்கலாம். அந்த வருடங்களில் தன் கையால் அடைபட்ட வாய்களை நினைத்துப் பார்த்தார். மாவட்டத்தில் இன்றைக்குக் கழுதை முந்துகிற கார் எல்லாம் தன் கைவேலைதான் என்று விளங்கியது.

பெருவிரலை ‘க’வின் மேல் வைத்து மறைத்தார்.

“அடைச்சவன் இப்ப செத்திருப்பான்,” என்றார், மெதுவாக.

“இல்லை அண்ணை,” என்றாள் செலீனா. “நல்ல சுகமாய் இருக்கிறார். வாய்தான் கொஞ்சம் நீளம்.”

கதிர்காமு அதற்குப் பிறகு பேசவில்லை. அது ஊர் கண்டிராத காட்சி. ஆணியைக் கழற்றினார். மறுபடி உறிஞ்சியபோது உள்ளே தட்டு டக்கென்று நகர்ந்தது. குழாய்த்துண்டொன்றைக் காதில் வைத்து இரண்டு காபரேட்டரும் ஒரேயளவு இழுக்கப் பண்ணினார். சாஹுல் ஹமீட் போட்ட துளைகளை ஈயம் ஊற்றி அடைத்தார். பல்ப் ஒன்றைப் பிடித்து ரைமிங்கைப் பெற்றோலுக்கு ஏற்றபடி முன்னுக்குக் கொண்டுவந்தார். கடைசியாகச் செப்புக்குழாய் ஒன்றை வளைத்து, ஒரு காபரேட்டரிலிருந்த பழைய ஊசித்துளையில் பூட்டினார். புதிதாக எதையும் கீறவில்லை.

செலீனா நானாட்டான்வரை போய்த் திரும்பினாள். கூடப் போன நிரூபன், போகும்போது றோட்டில் கிளப்பிய தூசி திரும்பி வரும்போதும் அடங்கவில்லை என்றான். சூடும் ஏறவில்லை.

“என்ரை மனுசன் சாகமுதல் சொன்னவர்,” என்றாள் செலீனா, இறங்காமலே. “உயிலங்குளத்துக் கதிர்காமுதான் அடைச்சது, அவரே திறக்கட்டும் எண்டு.”

“பிறகேன் முதல் சாஹுல் ஹமீட்டிட்டைக் கொண்டுபோனனீர்?”

“அவர் வாயை மூடிக்கொண்டு வேலை செய்வார் எண்டு கேள்வி.”

கார் போனது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு நின்றார்கள். கதிர்காமு ஏணியைச் சாத்தி, ஏறி, பலகையின் நாலு ஆணியையும் கழற்றினார். பெயின்ற் அடிக்கவாம். நிரூபன் ஏணியைப் பிடித்துக்கொண்டான்.

அந்தப் பெயின்ற் காய மூன்று மாதம் எடுத்தது. மன்னார் வெயிலில்.