எட்டு மணிச் செய்தியில் கேட்ட குரவை

காலை ஆறரை மணிக்குக் கண்ணாத்துறையில் ஐந்து பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் குந்தியிருந்தார்கள். குந்தியிருந்தபடியால் வாவித் தண்ணீர் அவர்களுடைய கழுத்தைத் தொட்டது. இறால் தடவுகிற வேலை அப்படித்தான். இரண்டு கைகளையும் சேற்றில் பரப்பி, விரல்களை மெல்ல மெல்ல நெருக்கிக்கொண்டு வரவேண்டும். உள்ளங்கைக்குள் ஒன்று துள்ளினால் அமுக்கிப் பிடித்து, பக்கத்தில் மிதக்கும் பறிக்குள் போடவேண்டும். புஸ்பம் இருபத்தாறு வருடமாக இந்தத் தண்ணீரில் தடவுகிறாள். எந்த இடத்தில் கை எவ்வளவு இறங்கும் என்பது அவளுக்குத் தன் அடுப்படியைப் போலத் தெரியும். மூன்று வாரமாகக் கை இறங்கவில்லை. சேற்றுக்குப் பதிலாகக் கிறவல் கல் விரலில் நெருடியது.

கரையில் ஒரு டிப்பர் பின்பக்கமாக வந்து நின்று, பெட்டியை உயர்த்தி, சேற்றில் நிற்கும் கண்ணா மரங்களின் வேர்களுக்கு மேலே கிறவலைக் கொட்டியது. தண்ணீர் சிவந்து பெண்கள் இருந்த பக்கம் வந்தது.

"அஞ்சு," என்றாள் கண்ணகை. "ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கல்ல, அதுக்குள்ள அஞ்சு லோட்டு."

"எண்ணி என்னகா செய்யப் போறாய்? அவனுக்குக் கணக்கப்பிள்ளையாப் போகப் போறியா?" என்றாள் புஸ்பம். அவளும் மனதுக்குள் ஐந்து என்றுதான் எண்ணியிருந்தாள்.

தோணிகள் கரைக்கு வந்துபோக அங்கே ஓர் ஓடை உண்டு. முன்பு மூன்று தோணிகள் பக்கம் பக்கமாகப் போகும். இப்போது ஒன்று உரசிக்கொண்டு போனது. இரண்டு பக்கக் கிறவலும் ஒன்றோடொன்று முட்டிவிட்டால் பதினெட்டுத் தோணிக்கும் துறை இல்லை, பெண்களுக்கும் சேறு இல்லை. கேட்கப் போனவர்களிடம் மேற்பார்வைக்காரன் கடதாசி ஒன்றைக் காட்டினான். ஆளுங்கட்சி எம்பியின் திட்டமாம். பூங்காவும் அதற்குப் பக்கத்தில் ஓட்டலும் வருமாம். ஒப்பந்தம் எடுத்தவர் எம்பியின் மச்சினன்.

புஸ்பத்துக்கு ஒரே நம்பிக்கை டிவியில் இருந்தது. அதற்குக் காரணமும் இருந்தது. போன வருடம் வாவியின் வடக்குக் கரையில் எதிர்க்கட்சி எம்பி ஒருவர் இதே மாதிரிக் கண்ணாக்காட்டை வெட்டி நிரப்பினார். கொழும்பு டிவி அதை நான்கு நாள் விடாமல் காட்டியது. மேலே இருந்து எடுத்த படத்தில் டிப்பரைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டது. அந்த எம்பியின் வாகனத்துக்குப் பின்னால் ஓடி ஓடி, "பதில் சொல்லுங்க ஐயா, பதில் சொல்லுங்க," என்று மைக்கை நீட்டியது. ஐந்தாம் நாள் பொலிஸ் வந்தது, வேலை நின்றது. நிரப்பிய மண்ணைக்கூட அள்ளிக்கொண்டு போனார்கள்.

ஒன்பது மணிக்கு ஐஸ் பெட்டி கட்டிய ஸ்கூட்டரில் நபீஸா வந்தாள். காத்தான்குடியிலிருந்து வந்து இறால் நிறுத்து எடுக்கிறவள். பறியைக் கவிழ்த்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"என்ன புள்ள இது? மூக்குத்தி செய்யலாம் போல இரிக்கி."

"டிவிக்குச் சொல்லியிரிக்கம், ராத்தா. வரட்டும், எல்லாம் சரி வரும்."

"எந்த டிவி? போன வருசம் வடக்குக் கரையக் காட்டின டிவியா?" நபீஸா தராசை மடித்தாள். "அது எதிர்க்கட்சிக்காரன் நிரப்பினது புள்ள. அதான் நாலு நாள் காட்டினான். இது டிவிக்காரனுக்கு வேண்டப்பட்ட ஆள். அந்த செனல்ல ஒரே வேலைய ஒருத்தன் செஞ்சாக் களவு, மத்தவன் செஞ்சா அபிவிருத்தி."

"வாவி ஒண்டுதானே ராத்தா? கிறவலும் ஒண்டுதானே?"

"நீ நல்ல மனசுக்காரி," என்று சொல்லிவிட்டு நபீஸா ஸ்கூட்டரை மிதித்தாள்.

டிவிக்குச் செய்தி அனுப்புகிற நிலோஜன் ஆரையம்பதிப் பொடியன். போன வருடம் வடக்குக் கரைக்கு அவனாகத் தேடிப் போனான். இந்த முறை புஸ்பம் ஒன்பது தரம் போன் எடுத்த பிறகுதான், "செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வாறம் மாமி, கொழும்பில இருந்து பெரிய அறிவிப்பாளரும் வாறார்," என்றான்.

செவ்வாய்க்கிழமை விடியவே புஸ்பம் கரையைக் கூட்டித் தண்ணீர் தெளித்தாள். வீட்டிலிருந்து வெண்கலக் குடத்தைக் கொண்டுவந்து, வாழையிலையில் நெல் பரப்பி, மாவிலையும் தேங்காயும் வைத்து நிறைகுடம் அமைத்தாள். கண்ணகை இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள்.

"என்னகா, கலியாணமா? நாம அழப் போறமா, ஆலாத்தி எடுக்கப் போறமா?"

"நம்மளுக்கெண்டு ஒரு ஆள் கொழும்பில இருந்து வாறார். வெறுந்தரையில நிப்பாட்டிப் பேசச் சொல்றியா?"

"நிப்பாட்டினா என்ன? அவருக்கு ரெண்டு கால் இரிக்குத்தானே."

ஆனாலும் வெள்ளை வேன் வந்து நின்றபோது முதலில் நாக்கைச் சுழற்றிக் குரவையிட்டவள் கண்ணகைதான். மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். கமராவைத் தோளில் வைத்தபடியே இறங்கிய நிலோஜன் அதைப் படம் எடுத்தான். அறிவிப்பாளர் இரண்டு கைகளையும் கூப்பினார். வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்.

புஸ்பம் பேசினாள். ஓடை எவ்வளவு அகலமாக இருந்தது, இப்போது எவ்வளவு, எத்தனை குடும்பம், எத்தனை தோணி என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். கிறவல் வெட்டிய விரல்களை விரித்துக் காட்டினாள். நிரப்பிய இடத்தைக் கை நீட்டிக் காட்டினாள். அவளுடைய புருஷன் கோணாமலை பின்னால் நின்று, "ஓடையச் சொல்லு, ஓடையச் சொல்லு," என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். அறிவிப்பாளர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

அரை மணித்தியாலம் கழித்து ஆளுங்கட்சி எம்பியின் வாகனம் வந்தது. அவரை யாரும் கூப்பிடவில்லை. யார் சொல்லி வந்தார் என்றும் தெரியவில்லை. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவரும் குரவையிடவில்லை. எம்பி நெஞ்சில் கைவைத்து நிறைகுடத்தை வணங்கிவிட்டுக் கிறவல் மேட்டில் ஏறி நின்றார். சத்தம் வராமல் இருக்க டிப்பரை நிறுத்தச் சொல்லி அறிவிப்பாளர் கையைக் காட்டினார். டிப்பர் படத்துக்குள் வராத பக்கமாக எம்பியைத் திருப்பி நிறுத்தினார்.

"ஐயா, இந்தப் பிரதேச மக்களுக்கு நீங்க கொண்டுவாற அபிவிருத்தியப் பத்திச் சொல்லுங்க," என்றார்.

பதில் சொல்லுங்க என்று அவர் யாருக்கும் பின்னால் ஓடவில்லை. எம்பிக்கு வியர்த்தபோது முகம் துடைக்கக் கடதாசி லேஞ்சி ஒன்று எடுத்துக் கொடுத்தார்.

"கேக்கிற கேள்வி சரியில்லியே," என்றான் கோணாமலை.

"முதல்ல நல்லாக் கேட்டுட்டுப் பிறகுதான் மடக்குவாங்க. நீ பாரு," என்றாள் புஸ்பம்.

எட்டு மணிச் செய்திக்குப் புஸ்பத்தின் வீட்டு முன்னறையில் இருபது பேர் இருந்தார்கள். முதல் செய்தி வேறு. இரண்டாவது செய்தியில் கண்ணாத்துறை வந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

நிறைகுடம் தெரிந்தது. கண்ணகை குரவையிட்டாள். அவளுடைய சத்தம் முடிவதற்குள் எம்பி வாகனத்திலிருந்து இறங்கி நெஞ்சில் கைவைத்தார். "வாவிக்கரை மக்கள் குரவையொலி எழுப்பி அமோக வரவேற்பு," என்றது பெண் குரல் ஒன்று. அடுத்ததாகப் புஸ்பம் வந்தாள். அவளுடைய வாய் அசைந்தது, கை நீண்டது. ஆனால் அவளுடைய குரல் வரவில்லை. "பூங்கா அமையவுள்ள இடத்தை ஆர்வத்தோடு காட்டும் பெண்கள்," என்றது அதே குரல். பிறகு எம்பி பேசினார். அவர் பேசியது மட்டும் முழுவதும் கேட்டது.

அடுத்த செய்தி எதிர்க்கட்சி எம்பியைப் பற்றியது. அவருடைய வீட்டு மதில் வீதியோரத் தண்ணீர்க் கானுக்குள் ஒரு முழம் தள்ளிக் கட்டப்பட்டிருந்ததாம். ஒருவர் அளவுநாடா பிடித்து அளந்தார். கானைச் சுற்றிச் சிவப்பு வட்டம் வந்தது. அந்த ஒரு முழத்தைச் செய்தி முடியும்வரை காட்டினார்கள்.

யாரோ டிவியை நிறுத்தினார்கள். கண்ணகை சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்திருந்தாள்.

"அவனுக்கா போட்டன்?" என்றாள். "புஸ்பம், நீ கண்டனீ. அவனுக்கா போட்டன்?"

அடுத்த நாள் காலை புஸ்பம் இறாலுக்குப் போகாமல் நிலோஜனின் வீட்டுப் படலையில் நின்றாள். அவன் பல் தீட்டிக்கொண்டிருந்தான். கொப்பளித்துத் துப்பிவிட்டு வர அவனுக்கு வெகுநேரம் எடுத்தது.

"நான் முழுசா அனுப்பினன் மாமி. நீங்க கதைச்சது, விரலைக் காட்டினது, எல்லாம். வெட்டுறது கொழும்பில."

"போன வருசமும் கொழும்பிலதானே மனே வெட்டினாங்க? அப்ப ஆரும் வாயை வெட்டலியே."

அவன் தோளில் கிடந்த துவாயால் வாயைத் துடைத்தான்.

"நீ எடுத்தது உன்ட கையில இரிக்குமே. அதத் தா. வேற ஆருக்காவது காட்டுறன்."

"கமரா அவங்கட. படமும் அவங்கட. வெளிய குடுத்தா என்னைத் தூக்கிப்போடுவாங்க மாமி." உள்ளே குழந்தை அழுதது. அவன் திரும்பிப் பார்த்தான். "எனக்கும் வேற தொழில் தெரியா."

"அந்த ஓடையிலதான் உன்ட கொப்பரும் தோணி தள்ளினவர்," என்றாள் புஸ்பம்.

"தெரியும் மாமி," என்றான். அவளுடைய முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

டிவி இல்லாவிட்டால் அரசாங்க அலுவலகம் என்று கோணாமலை சொன்னான். ஐம்பத்தேழு பேர் கையெழுத்து வைத்த மனுவைத் திங்கட்கிழமை நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். கோணாமலையும் புஸ்பமும் கண்ணகையும் காலை எட்டரைக்குப் போய்ப் பதினொன்றே முக்கால்வரை நீள வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். கூப்பிட்ட உத்தியோகத்தர் மரியாதையான ஆள். மனுவை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்தார்.

"மக்கள் சம்மதம் இல்லாம நடக்குதெண்டு எழுதியிருக்கீங்க."

"ஓம் ஐயா. ஒருத்தரும் சம்மதிக்கல்ல."

அவர் கணினியை அவர்கள் பக்கம் திருப்பினார். கண்ணகை குரவையிட்டாள். எம்பி இறங்கினார். புஸ்பம் கையை நீட்டினாள்.

"இது நீங்கதானே அம்மா?"

"நாங்கதான். ஆனா அந்தக் குரவை டிவிக்காரருக்குப் போட்டது ஐயா. அவருக்கு இல்ல. அவர் பிறகுதான் வந்தவர்."

"டிவிக்காரருக்கு ஆராவது குரவை போடுவாங்களா?"

பக்கத்து மேசையில் இருந்த பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையைக் குனிந்தாள். புஸ்பம் வாயைத் திறந்தாள். நிறைகுடம் வைத்த காரணத்தை அவளால் சொல்ல முடியும். விடிய எழும்பிக் கரையைக் கூட்டியதையும் சொல்ல முடியும். அந்த அறையில் அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

"இந்தப் படத்தையும் திட்டத்துக்கான கோவையில இணைச்சிருக்காங்க," என்றார் உத்தியோகத்தர். "நான் என்ன செய்ய? மனுவை வச்சிட்டுப் போங்க, அனுப்பிவிடுறன்."

பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கண்ணகை, "இந்த நாக்க வெட்டிப்போடலாம்," என்றாள்.

அந்த வியாழக்கிழமை ஓடை மூடியது. இரண்டு பக்கக் கிறவலும் காலை பத்து மணியளவில் முட்டின. தோணிகள் எல்லாம் உள்பக்கம் அகப்பட்டுக்கொண்டன. நிரப்பிய இடத்தைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டிக் காவலுக்கு ஒருவனை வைத்தார்கள். தோணிகளைக் கிறவலுக்குக் குறுக்கே இழுத்துத் தண்ணீரில் இறக்கக் கேட்டபோது, "வேலை நடக்கிற இடம் அண்ணே, என்ட வேலை போயிரும்," என்று அவன் கெஞ்சினான். அவனும் இந்தப் பக்கத்துப் பொடியன்தான்.

தெற்கே இரண்டு கட்டைத் தூரத்தில் வேறொரு துறை இருந்தது. அங்குள்ளவர்கள் இரண்டு நாள் யோசித்துவிட்டு, "குரவை போட்டவங்களுக்கு இங்க என்ன அலுவல்?" என்று கேட்டார்கள். பிறகு, ஆறு தோணிக்கு மட்டும் இடம் தருவதாகச் சொன்னார்கள். மற்றப் பன்னிரண்டும் கரையில் கிடந்து காய வேண்டியதுதான். சீட்டுக் குலுக்கியதில் கோணாமலையின் பெயர் ஆறாவதாக வந்தது.

லொறி பிடிக்க வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை கோணாமலையும் மூன்று பேரும் தோணியைக் கவிழ்த்துத் தோளில் தூக்கினார்கள். ஊறிய மரம் கனத்தது. மணல் ஒழுங்கையைத் தாண்டிப் பிரதான வீதிக்கு ஏறியபோது நால்வரும் ஒரே அடி எடுத்து நடக்கப் பழகியிருந்தார்கள். வலையையும் துடுப்பையும் சுமந்துகொண்டு புஸ்பம் பின்னால் போனாள். அவளுக்குப் பின்னால் கண்ணகையும் இன்னும் சில பெண்களும் பேசாமல் நடந்தார்கள். பஸ் ஒன்று ஒலி எழுப்பாமல் ஒதுங்கி முந்திச் சென்றது.

எதிரே சைக்கிளில் வந்த வயதான ஒருவர் தூரத்திலேயே இறங்கினார். தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டு, சைக்கிளை வேலியோடு சாய்த்து, வீதியோரத்தில் தலை குனிந்து நின்றார். அவர்கள் கிட்ட வந்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார். பிரேதம் இல்லை, தோணி என்று கண்ட பிறகும், கடைசிப் பெண் கடந்து போகும்வரை அவர் துவாயைத் தலையில் கட்டவில்லை.