இடது முன்காலில் ஒன்றுமில்லை

வெர்டன் ஊருக்கு வெளியே குதிரைகளைத் தாளம் தப்பாத அலங்கார நடைக்குப் பழக்கும் கெரிட் ஆலர்ஸின் டிரெசாஜ் பயிற்சிக் கூடத்தில், லாக்ரிட்ஸ் என்ற கறுப்புக் குதிரை இடது முன்காலைத் தாங்கித் தாங்கி வைக்க ஆரம்பித்தபோது எல்லாரும் காலைத்தான் பார்த்தார்கள். கால் நொண்டினால் காலைத்தானே பார்க்க வேண்டும். லாடத்தை மாற்றினார்கள். சேணம் தைப்பவர் வந்து உள்ளே கம்பளி திணித்துவிட்டுப் போனார். பிரேமன் நகரத்திலிருந்து ஒரு பெண்மணி வந்தார். கழுத்தில் கைவைத்துக் கண்ணை மூடியவர், பிறந்த பண்ணையை நினைத்துக் குதிரை ஏங்குகிறது என்று சொன்னார். ஏக்கம் எப்படி இடது முன்காலில் மட்டும் இறங்கியது என்று யாரும் கேட்கவில்லை. காபியும் ஆப்பிள் கேக்கும் கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

மாதக் கடைசியில் தகுதிச் சுற்று. தேறினால் தேசியப் போட்டி. நாற்பத்தாறு வயதில் கெரிட்டுக்கு இப்படியொரு குதிரை வாய்த்தது இதுதான் முதல் தடவை. இன்னொன்று வாய்க்காது என்பது அவனுக்கும் தெரியும், அந்த வட்டாரத்துக்கும் தெரியும். குதிரை அவனுடையதும் அல்ல. சொந்தக்காரி ஹெட்விக் புரூனிங், மூன்று ஊர்களில் தொத்திறைச்சிக் கடை வைத்திருப்பவர். நொண்டல் நிற்காவிட்டால் குதிரையை வேறு கூடத்துக்கு மாற்றிவிடுவேன் என்று போன வாரம் தொலைபேசியில் சொல்லியிருந்தார். குரலை உயர்த்தாமல் சொன்னதுதான் கெரிட்டைக் கலக்கியது.

ஆகவே, மிருக வைத்தியன் ஓக்கே ரேன்ட்ஸ் வந்து இறங்கியதும் கெரிட் நேராக விஷயத்துக்கு வந்தான். மூட்டில் ஒரு ஊசி போட்டுவிட வேண்டும்.

"ஊசி வண்டியிலதான் இருக்கு," என்றான் ஓக்கே. இருவரும் பள்ளியில் ஒரே பெஞ்சு. "எந்த மூட்டுலன்னு தெரிய வேணாமாடா?"

ரப்பர் பூட்ஸும் கடைக் கோட்டுமாக வந்திருந்த புரூனிங்கம்மா, "பார்த்துட்டு அப்புறம் போடுங்க," என்றார்.

கல்தளத்தில் குதிரையைக் கையில் பிடித்து ஓட்டிக் காட்டினார்கள். தாளம் பிசகவில்லை. நீளக் கயிற்றில் வட்டமாக ஓடவிட்டார்கள். அப்போதும் பிசகவில்லை. ஓக்கே மூட்டுகளை மடக்கிப் பிடித்திருந்துவிட்டு மறுபடி ஓடச் சொன்னான். கறுப்பன் கல்யாண வீட்டுக்குப் போகிறவன்போல ஓடினான்.

"இடது முன்கால்ல ஒண்ணுமில்ல."

"நான் மேல ஏறினாதான் தெரியும். என்கிட்ட மட்டும்தான் காட்டுவான்."

"அப்ப ஏறு."

ஏறினான். வழக்கம்போல் கடிவாள வார்களைச் சுருக்கினான். குதிரையின் மோவாய் நெஞ்சில் வந்து ஒட்டியது. இதற்குக் கெரிட் வைத்திருந்த பெயர் பணிவு. கழுத்து வில்லாகியது, முதுகு பலகையாகியது. மூலை திரும்பியதும் இடது முன்கால் குட்டையாக விழ, தலை ஆட ஆரம்பித்தது.

"பார்த்தியா? நடிக்கிறான்!"

ஓக்கே கிட்டே வந்து, குதிரையின் மூக்கைச் சுற்றிக் கட்டியிருந்த மூக்குவாரைத் தொட்டுப் பார்த்தான். "ரெண்டு விரல் போகணும். எனக்கு நகமே போகல."

"உன் விரல் தடி."

"உன் பொண்டாட்டி விரல்கூடப் போகாது. இறங்கு. இங்க வேற யாரு குதிரை ஏறுவாங்க?"

"யாருமில்ல. இவனை வேற எவனாலயும் ஓட்ட முடியாது."

"நான் ஏறுறேன்," என்றார் புரூனிங்கம்மா.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கடைசியா எப்ப ஏறினீங்கம்மா?" என்று கேட்டான் ஓக்கே.

"என் பொண்ணு பிறக்கறதுக்கு முன்னாடி. இப்ப அவளுக்கே ஒரு பொண்ணு இருக்கு."

"அம்மா, இது கழுதை இல்லை," என்றான் கெரிட்.

"தெரியும் கெரிட். கழுதைக்காக நான் இவ்வளவு பேரை வரவழைச்சிருக்க மாட்டேன்."

ஓக்கே மூக்குவாரைத் தளர்த்தினான். புரூனிங்கம்மா ஏணிப்படியில் ஏறி, மாவு மூட்டையை இறக்கிவைத்ததுபோல் உட்கார்ந்தார். வார்கள் துணி காயப்போடும் கொடியாகத் தொங்கின. கறுப்பன் தலையை நிமிர்த்திக் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தான். கழுத்தை நீட்டி, மூக்கால் நீளமாக ஊதினான். பிறகு ஓடினான். மேலே இருந்தவர் தப்பான தாளத்தில் குதித்துக்கொண்டிருந்தார். கீழே தாளம் சுத்தமாக இருந்தது. அதே மூலையிலும்.

"கால் சரியாயிடுச்சா?" என்று பிடரியைப் பிடித்தபடி கத்தினார்.

"அது எப்பவும் சரியாத்தாம்மா இருக்கு!" என்று கத்திய ஓக்கே, கெரிட்டின் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தான். "வாரு பண்ற நொண்டல்டா இது. கழுத்தை மடக்கி வச்சா முதுகு பூட்டிக்கும். முதுகு பூட்டினா கால் நீளமா வராது. இன்னைக்கு வாரை விட்டா சரியாகுது. இப்படியே ஓட்டினா ஒருநாள் விட்டாலும் சரியாகாது. அப்ப கூப்பிடு, ஊசி போட நிஜமாவே ஒரு மூட்டு இருக்கும்."

"சரி, விட்டு ஓட்டுறேன். அவ்வளவுதானே?"

மனதாரத்தான் சொன்னான். புரூனிங்கம்மா இறங்கியதும் ஏறினான், வாரை விட்டான். நேர்ப்பக்கத்தில் குதிரையின் முதுகு அவனுக்கடியில் அலைபோல் எழுந்தது. இத்தனை மாதம் இதன்மேல் உட்கார்ந்தும் அவனுக்குக் கிடைக்காத அலை. மூலை வந்தது. கறுப்பன் தடுக்கினான்.

"விட்டுட்டேனே!"

"இடது கையைப் பாரு."

பார்த்தான். முஷ்டி மூடியிருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டான். அடுத்த மூலையில் அவை மறுபடி மூடிக்கொண்டன. இருபது வருஷமாக வேலை பார்த்த கை. முதலாளி லீவு கொடுத்தாலும் வேலைக்கு வந்துவிடுகிறது.

குதிரையை நிறுத்தினான். புரூனிங்கம்மா பக்கத்தில் வந்து நின்றார்.

"மாசக் கடைசிக்குள்ள கை பழகிடுமா, கெரிட்?"

பழகிவிடும் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். ஓக்கே குனிந்து, ஒன்றுமில்லாத அந்தக் காலை மறுபடி அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பழகாது," என்றான் கெரிட். "போட்டிக்கு வரலைன்னு சொல்லிடலாம். நீங்க இவனைக் கூட்டிட்டுப் போங்க. வாரை நீளமா விடுறவங்க எங்கயாவது இருப்பாங்க."

புரூனிங்கம்மா இறைச்சித் துண்டை எடை போடுவதுபோல் அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கடிவாளத்தின் இரண்டு பக்கமும் கொக்கியைக் கழற்றி, வார்களை உருவிச் சுருட்டிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

"இவன் இங்கயே இருக்கட்டும். இதை மட்டும் நான் கொண்டுபோறேன்."

"அம்மா, நான் இன்னும் மேலதான் இருக்கேன்."

"பிடரியைப் பிடிச்சுக்கோங்க. நான் அப்படித்தான் ஓட்டினேன்."

கறுப்பன் கொஞ்ச நேரம் யோசித்தான். கதவு திறந்திருந்தது, வெளியே புல் தெரிந்தது. அவன் புறப்பட்டான். கெரிட்டும் கூடவே போனான்.