நாலு பேர், ரெண்டு டிக்கெட்

...சத்தம்தான் காரணம், வேறென்ன இருக்க முடியும், அந்த ஜூஸ் கடையில் அவ்வளவு சத்தம் இல்லாமல் இருந்திருந்தால் அன்புச்செல்வி அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டாள் என்று மணிவேல் நூறாவது தடவையாக நினைத்தபோது டவுன் பஸ் மறுபடியும் நின்றது, வேங்கிக்காலில் ஏறியதிலிருந்து இது எத்தனையாவது நிறுத்தம், கிரிவலப் பௌர்ணமி என்றால் இந்தத் திருவண்ணாமலையில் வேலைக்குப் போகிறவன் எல்லாம் மனிதனே இல்லை, எங்கிருந்துதான் வருகிறார்களோ, கையில் ஒரு பை, தோளில் ஒரு துண்டு, நடு ரோட்டில் நின்றுகொண்டு மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள், பின்னால் பஸ் நிற்கிறதே என்று ஒருத்தருக்காவது தோன்றுகிறதா? டிரைவர் ஹாரனை அமுக்கினார், யாரும் திரும்பவில்லை. பக்கத்து சீட்டில் இருந்த பெரியவர் அவன் தோள்மேல் தூங்கி விழுந்தார், மணிவேல் தோளை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான், அவர் கண் விழித்து, "மன்னிச்சுக்கப்பா" என்றார், அந்த மரியாதையும் அவனுக்கு எரிச்சலாக இருந்தது. அன்றைக்கும் இப்படித்தான், கூட்டம், வாத்தியக் கோஷ்டி, இருபது பேர் கொட்டிக்கொண்டு போகிறார்கள், பூக்காரி இரண்டு தடவை மேஜையருகே வந்து "அக்காவுக்கு ரெண்டு முழம் வாங்கிக் குடுண்ணா" என்கிறாள், அதற்கு நடுவில் ஒருவன் தன் வாழ்க்கையில் முக்கியமான ஒன்றைக் கேட்டால் கேட்கப்படுகிறவளுக்கு என்ன புரியும்... அவள் சாத்துக்குடி ஜூஸை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, "இல்லைங்க மணிவேல், எனக்கு அப்படித் தோணல, தோணாததைத் தோணுதுன்னு எப்படிச் சொல்றது" என்றாள். அப்போது வாத்தியக் கோஷ்டி தெருமுனை தாண்டிவிட்டிருந்ததா இல்லையா? தாண்டியிருக்காது, தாண்டியிருந்தாலும் காதில் அந்த இரைச்சல் நின்றிருக்கும், அவ்வளவுதான் விஷயம்.

பஸ்ஸை நம்பிப் பயனில்லை என்று இறங்கி நடந்தான். வெயில் பதினொரு மணிக்கே உச்சந்தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டிருந்தது. டைல்ஸ் கடையில் ஒரு மணி நேரம் பர்மிஷன் சொல்லியிருந்தான், மேனேஜர் என்று பெயர்தான், முதலாளி சின்னசாமி ஒவ்வொரு தடவையும், "எங்கப்பா போற, டூர் டூர்னு ஜாஸ்தியா அலையற" என்று கேட்டுத்தான் விடுகிறார், அவருக்கு என்ன தெரியும். அந்தக் கடைக்குத்தான் ஒன்றரை வருஷத்துக்கு முன்பு அன்புச்செல்வி அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள், கீழ்பென்னாத்தூரில் புது வீடு கட்டுகிறார்கள், நெல்லும் மணிலாக் கடலையும் போட்ட குடும்பம், அவள் டவுனில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறாள். பாத்ரூமுக்கு டைல்ஸ் காட்டச் சொன்னாள். மற்றவர்கள் கலர் பார்ப்பார்கள், இவள் தன் பாட்டிலிலிருந்து தண்ணீரைக் கீழே ஊற்றினாள், செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் காலால் தேய்த்துப் பார்த்தாள், "எங்கப்பாவுக்கு முட்டி சரியில்லைங்க, வழுக்கினா அவ்ளோதான்" என்றாள். ஒன்பது டைல்ஸில் தண்ணீர் ஊற்றினாள். கடைப் பையன்கள் சிரித்தார்கள், மணிவேல் சிரிக்கவில்லை, அவனே துணி கொண்டுவந்து துடைத்தான், அப்போதே முடிவாகிவிட்டது. இரண்டு பெட்டி அதிகமாக ஏற்றி அனுப்பினான், வீட்டுக்கே போய்ச் சரிவு சரியாக இருக்கிறதா என்று பார்த்தான், அவள் அம்மா சரசு டீ கொடுத்தார், அன்புச்செல்வி போனில் நன்றி என்று அனுப்பினாள், கூடவே கைகூப்பும் படம். அப்புறம் மணிவேலின் கூட்டாளி கோபியும் அவன் பெண்டாட்டி கவியாவும் சேர, நாலு பேராக சினிமா, நாலு பேராக சாத்தனூர் டேம்... இதற்கெல்லாம் என்ன அர்த்தம்? ஒன்றுமில்லை என்றால் எதற்கு வந்தாள்? சிரித்துப் பேசுவாளாம், கூடவே வருவாளாம், கேட்டால் மட்டும் தோணலையாம். தோன்றுவதற்கு என்ன, காய்ச்சலா, தானாக வருவதற்கு? தோன்ற வைக்க வேண்டும், அதற்கு இடம் வேண்டும்.

இடம் கிடைத்துவிட்டது. போனில் ஒரு வீடியோ, அந்தமானில் ஒரு சின்னத் தீவு, போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் எட்டு மணி நேரம், வெள்ளை மணல், பின்னால் காடு, ஆறே ஆறு குடிசை அறைகள், சிக்னல் கிடையாது, கப்பல் வாரத்துக்கு இரண்டே தடவை. யாரோ ஒருவன் மணலில் சங்கு சிப்பிகளை வட்டமாக அடுக்கி, நடுவில் லாந்தர் வைத்து, ஒரு பெண்முன் முழங்கால் போட்டான், அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மணிவேல் அதை எத்தனை தடவை பார்த்திருப்பான்... குடோனில் டைல்ஸ் பெட்டிகளுக்கு இடையில் கதவைச் சாத்திக்கொண்டு முழங்கால் போட்டுப் பழகினான், சிமெண்ட் தரை உரசித் தோல் போயிற்று, அதுகூட அவள்மேல் கோபமாகத்தான் வந்தது, இவளுக்காக இதெல்லாம் செய்ய வேண்டியிருக்கிறதே. நாலு பேராக அந்தமான் போகலாம் என்றதும் அவள் உடனே சரி என்றாள், கவியா வருகிறாள் என்பதால், வீட்டில் கேட்டு அனுமதியும் வாங்கிவிட்டாள், இதுவரை கடலையே பார்த்ததில்லையாம். விமான டிக்கெட் போட்டாயிற்று. மூன்றாம் நாள் அந்தத் தீவுக்கு நாலு பேரும் கிளம்புவார்கள், கப்பல்துறையில் கோபிக்கு வயிறு சரியில்லாமல் போகும், கவியா அவனைப் பார்த்துக்கொள்ள இருந்துவிடுவாள், "நீங்க ஏறுங்க, நாங்க அடுத்த கப்பல்ல வந்துடறோம்" என்பாள். அடுத்த கப்பல் மூன்று நாள் கழித்துத்தான் என்று கப்பல் நகர்ந்த பிறகுதான் அன்புச்செல்விக்குத் தெரியும். கோபி முதலில் இழுத்தான், "மச்சான், அவ பயந்துடப் போறாடா" என்றான். எதற்குப் பயம்? நான் என்ன புலியா? அவளை ஒரு விரல் தொடப்போகிறேனா? பேசப்போகிறேன், அவ்வளவுதான், யாரும் குறுக்கே வராமல் முழுதாகப் பேசி முடிக்கப்போகிறேன், அவள் பாதியில் பையை எடுத்துக்கொண்டு எழுந்து போக முடியாத ஒரு இடத்தில்... அந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு சட்டென்று நின்றது, அவன் அதை மேலே கொண்டுபோகவில்லை, வழியில் குறுக்கே வந்த ஆட்டோக்காரனைத் திட்டினான்.

தேரடித் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்து, மாடியில் டிராவல்ஸ். நடத்துகிறவள் வேதா, ஐம்பது வயது இருக்கும், மூக்கின் நுனியில் கண்ணாடி, ஒரே விரலால் தட்டச்சு செய்கிறவள், ஒவ்வொரு எழுத்தையும் புதிதாகத் தேடுவாள், அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதே ஒரு தண்டனை. கீழே தெருவில் யாரோ மைக்கில் அன்னதானம் என்று கத்திக்கொண்டிருந்தார்கள். வேறு கடையே கிடைக்கவில்லையா எனக்கு?

"கப்பலுக்கு ரெண்டு டிக்கெட் போட்டா போதும் மேடம்," என்றான் மணிவேல், குரல் இயல்பாகத்தான் இருந்தது, "ஆனா நாலு பேர் பேரும் போட்டு ஒரு லிஸ்ட் மட்டும் அடிச்சுக் குடுத்துடுங்க, கையில வச்சுக்க."

விரல் நின்றது. "டிக்கெட் ரெண்டு, லிஸ்ட்டு நாலா? எதுக்குங்க சார்?"

"சும்மாதான். ஒரு சர்ப்ரைஸ்."

"யாருக்கு?"

இவளுக்கு எதற்கு அதெல்லாம்? போடு என்றால் போடவேண்டியதுதானே. ஆனாலும் சொன்னான், கல்யாணத்துக்குக் கேட்கப்போகிறேன் என்று, வெட்கப்படுகிறவன் மாதிரி லேசாகச் சிரித்தும் வைத்தான், இதைக் கேட்டால் பொம்பளைகள் முகம் மலரும் என்று அவனுக்குத் தெரியும், விமான டிக்கெட்காரி கூட வாழ்த்துச் சொன்னாளே. வேதாவின் முகம் மலரவில்லை. கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுத் திரையைப் பார்த்தாள். "போனா மூணு நாள் திரும்ப முடியாது சார். அந்தத் தீவுல போன் எடுக்காது. அந்தப் பொண்ணுக்குத் தெரியுமில்ல?"

"தெரியாம இருந்தாத்தானே மேடம் சர்ப்ரைஸ்."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுத்து அவனைப் பார்த்தாள், இப்படிப் பார்க்கிறவர்களை மணிவேலுக்குச் சுத்தமாகப் பிடிக்காது, திட்டினால்கூடத் திருப்பிக் கொடுக்கலாம், இப்படிப் பேசாமல் பார்த்தால் என்ன செய்வது, அன்புச்செல்வியும் ஜூஸ் கடையில் சொன்னதைச் சொல்லிவிட்டு இப்படித்தான் பார்த்தாள், பரிதாபப்படுகிற மாதிரி, யாருக்கு வேண்டும் அந்தப் பரிதாபம். வேதா மெதுவாக ஒரு தாளை எடுத்து அவன் பக்கம் நகர்த்தினாள். பயணிகள் விவரம். பெயர், வயது, ஆதார், போன் நம்பர். "ஒவ்வொருத்தர் நம்பரும் தனித்தனியா வேணும். காத்து ஜாஸ்தின்னா கப்பல் நின்னுடும், அவங்கவங்களுக்கு மெசேஜ் வரும்" என்றாள். மெசேஜ் வந்தால் இரண்டே பேர் என்று தெரிந்துவிடுமே... ஆதார் நகல் அவனிடம் இருந்தது, விமானத்துக்காக அவளே அனுப்பியது. பெயரை எழுதினான், ரா. அன்புச்செல்வி, வயது இருபத்தெட்டு, நம்பர் என்ற இடத்தில் பேனா ஒரு கணம் நின்றது, அப்புறம் தன் இரண்டாவது சிம்மின் நம்பரை எழுதினான், கடை வேலைக்கென்று வாங்கிய நம்பர், யாருக்கு என்ன நஷ்டம், மெசேஜ் எனக்கு வந்தால் நான் சொல்லப்போகிறேன், நான் சொன்னால் என்ன, அது சொன்னால் என்ன? எழுத்துகூடத் தெளிவாகத்தான் வந்தது.

வேதா தாளை வாங்கி ஒரு முறை படித்தாள். பிறகு மேஜைமேல் இருந்த தன் போனை எடுத்து, தாளைப் பார்த்துப் பார்த்து, அதே ஒற்றை விரலால் ஒவ்வொரு எண்ணாக அழுத்தினாள். என்ன செய்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தபோது பத்து எண்களும் முடிந்திருந்தன. அவன் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது, அடுத்த கணம் மணியும் அடித்தது.

எடுத்து நிறுத்திவிடலாம், நிறுத்தினால் ஒத்துக்கொண்ட மாதிரி, நிறுத்தாவிட்டாலும் ஒத்துக்கொண்ட மாதிரிதான், தப்பாக எழுதிவிட்டேன் மேடம் என்று சொல்லலாம், பழக்க தோஷம், சொல், சொல்லித் தொலை... மணி அடித்துக்கொண்டே இருந்தது. வேதா போனைக் காதில் வைத்தபடி அவனையே பார்த்தாள், கோபமாகக்கூட இல்லை, எடுக்கும்வரை வைக்கமாட்டேன் என்கிற பார்வை. என்ன திமிர், டிக்கெட் போடுகிறவளுக்கு இவ்வளவு திமிரா, எழுந்து போய்விடலாம், ஊரில் இவள் ஒருத்திதானா டிராவல்ஸ் வைத்திருக்கிறாள்? ஆனால் எழுந்திருக்கவில்லை. அவன் கை தானாகப் போய்ப் போனை எடுத்தது, பச்சையைத் தள்ளியது, காதில் வைத்தது.

"வணக்கம்மா, அன்புச்செல்விங்களா?" என்றாள் வேதா. குரல் ஒரு காதில் நேராகவும் இன்னொரு காதில் போன் வழியாக அரைக் கணம் பின்னாலும் வந்தது. "நான் திருவண்ணாமலை டிராவல்ஸ்லேந்து பேசுறேன். இங்க மணிவேல்னு ஒருத்தர் வந்திருக்காரு. நாலு பேர் போறோம்னு உங்களுக்குச் சொல்லிட்டு, ரெண்டு பேருக்கு மட்டும் கப்பல் டிக்கெட் கேக்கறாரு. போனீங்கன்னா மூணு நாள் திரும்பி வர முடியாது. அங்க வச்சு உங்களைக் கல்யாணத்துக்குக் கேப்பாராம். உங்களுக்கு இதுல சம்மதமாம்மா?"

மணிவேல் போனை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தான். இது என்ன நாடகம், யாரிடம் காட்டுகிறாள், வைத்துவிட்டுப் போ... வைக்கவில்லை. சம்மதம் என்று சொல்லலாமே, ஒரு வார்த்தை, விளையாட்டாகச் சொல்லிச் சிரித்துவிட்டு எழுந்து போகலாம், வாயைக்கூடத் திறந்தான். அவள் சொல்கிற மாதிரி சொல்ல வேண்டும், அவள் எப்படிச் சொல்வாள்? அவன் கண்ணை மூடித் தீவுக்குப் போனான், எத்தனையோ முறை போன இடம், வழி அத்துப்படி, வெள்ளை மணல், சிப்பி வட்டம், லாந்தர், அவன் முழங்கால் போட்டிருக்கிறான், அவன் பேசுகிறான், நிறையப் பேசுகிறான், அவள் எதிரே நிற்கிறாள், துப்பட்டா காற்றில் பறக்கிறது, அவள் வாய் அசையவில்லை. கொஞ்சம் காத்திருந்தான். பேசு, ஒரு தடவை சொல்லு, சரி என்றோ இல்லை என்றோ, திட்டவாவது செய்... அவள் நின்றாள். குடோனில், படுக்கையில், கடைக் கல்லாவில் உட்கார்ந்து, இத்தனை மாதங்களாக அவன் அந்தத் தீவுக்கு அவளை எத்தனையோ தடவை கூட்டிப் போயிருக்கிறான், அங்கே அவள் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை, பேசுவாள் என்று அவன் நினைத்துப் பார்த்ததும் இல்லை.

"லைன்ல இருக்கீங்களாம்மா?" என்று கேட்டாள் வேதா.