சொல்லுங்கக்காவின் முதல் பேச்சு

வார்டு கவுன்சிலராக இருந்தபோதே அவளுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது: சொல்லுங்கக்கா. கூட்டத்தில் யார் கை தூக்கினாலும் பேச்சைப் பாதியில் நிறுத்தி, "சொல்லுங்க" என்று உட்கார்ந்துவிடுவாள். சாக்கடை அடைப்போ, பக்கத்து வீட்டுச் சண்டையோ, எதிராளி முடிக்கும்வரை வாய் திறக்க மாட்டாள். படிப்பைப் பாதியில் விட்டு, கையுறைத் தொழிற்சாலையில் இராப்பணி பார்த்தவள். மேடைப்பேச்சு சுத்தமாக வராது. இந்த ஒரே பழக்கம்தான் அவளை மேயராக்கி, இப்போது நாடாளுமன்றம்வரை தள்ளிவிட்டிருந்தது.

கிளம்பும் அன்று நாத்தனார் வாசலை மறித்தாள். அதே தொழிற்சாலையில் இன்னமும் இராப்பணி அவளுக்கு.

"அண்ணி, நீங்க கவுன்சிலர் ஆனீங்க, நான் நடந்துதான் வீட்டுக்கு வந்தேன். மேயர் ஆனீங்க, அப்பவும் நடைதான். உங்களால பொழைச்சது செருப்புக்கடைக்காரன் ஒருத்தன்தான்."

"மேயர் சொன்னா எந்த முதலாளிடி கேக்கறான்? சட்டம் அங்கதான் போடணும்."

"போடுங்க. அதுவரைக்கும் தெருநாய்ங்களுக்கு பிஸ்கட் வாங்கி வச்சுக்கறேன்."

இராப்பணி முடிந்தவர்களை முதலாளியே வண்டி வைத்து வீட்டில் விட வேண்டும். அவள் கொண்டுவந்த மசோதா அவ்வளவுதான். கூட்டத்தொடரின் கடைசி நாளில் விவாதத்துக்கு வந்தது. அன்று அவை ஏற்காவிட்டால் கிடப்பில் போய்விடும்.

கட்சிக் கொறடா நடைபாதையிலேயே அவளைப் பிடித்துக்கொண்டார். "ஏழு நிமிஷம்க்கா. யார் குறுக்க வந்தாலும் நிறுத்தாதீங்க. வழிவிட்டா மிச்ச நேரம் அவங்களோடது."

"என்னைச் சின்னப்பிள்ளைன்னு நினைச்சியா தம்பி?"

நன்றாகத்தான் ஆரம்பித்தாள். இரண்டு நிமிடம் போயிருக்கும். எதிர்வரிசையில், மசோதாவைத் தோற்கடிக்கவே ஆள் திரட்டி வந்திருந்த உறுப்பினர், ஓர் ஆலை முதலாளி, கை தூக்கினார்.

"சொல்லுங்க ஐயா" என்று அவள் உட்கார்ந்துவிட்டாள்.

கொறடா தலையில் கை வைத்துக்கொண்டார். முதலாளி முன்னால் ஒலிவாங்கி விளக்கு எரிந்தது. அவர் எழுந்து திருதிருவென்று விழித்தார்.

"அது வந்து... எங்க தொகுதியில ரோடெல்லாம் குண்டும் குழியுமா கிடக்கு. வண்டி எப்படிப் போகும்?"

அவளுக்கு வார்டு கூட்டமே நினைவுக்கு வந்தது. இருந்த இடத்திலிருந்தே கேட்டாள். "அப்ப ரோடு போட்டுட்டா வண்டி விடலாங்கறீங்க?"

கேமரா அவர் முகத்திலேயே நின்றது. அவருடைய தொகுதியில் பாதிப் பேர் ஆலைத் தொழிலாளர்கள்.

"வண்டி வேணாம்னு நான் எப்பம்மா சொன்னேன்?"

பின்வரிசையில் இருந்த அவருடைய ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவரே இப்படிச் சொன்னபிறகு எதிர்த்து வாக்களிப்பது எப்படி? பாதிப் பேர் தேநீர் குடிக்க நழுவினார்கள். மசோதா ஏற்கப்பட்டுக் குழுவின் பரிசீலனைக்குப் போனது.

வெளியே முதலாளி அவளை மடக்கினார். "நான் தண்ணி கொண்டுவரச் சொல்லித்தாம்மா கை தூக்கினேன்."

"அடடா. அப்புறமாவது குடிச்சீங்களா?"

"எங்க குடிக்க?" என்று அவரும் சிரித்துவிட்டார்.

நாத்தனாரின் அழைப்பு வந்தது.

"டிவியில பார்த்தேன் அண்ணி. பேசினதவிட உக்காந்திருந்ததுதான் அதிகம்."

"குழுவுக்குப் போயிருக்குடி. இன்னும் கொஞ்ச நாள் நடக்கணும்."

"குழுவுக்கு யாரு தலைவரு?"

"ரோடு சரியில்லன்னாரே, அவருதான். தண்ணி கேக்கத்தான் கை தூக்கினாராம்."

நாத்தனார் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப முதல்ல அவருக்கு ஒரு சொம்பு தண்ணி வச்சுட்டுப் பேச ஆரம்பிங்க."