தொட்டிக்குள் காலை வைத்த மாமா

நான்காவது சுற்றில் அந்த இடதுகைக் குத்து யதீராவின் காதுக்குப் பின்னால் விழுந்தபோது, ஈரச் சாக்கைச் சிமெண்டுத் தரையில் அறைந்த மாதிரி சத்தம் கேட்டது. யதீரா விழவில்லை. ஓரடி பின்வாங்கினாள், தலையைக் குனிந்தாள், எதிராளியின் விலாவில் மூன்று குத்துகளை அடுத்தடுத்து இறக்கினாள். வின்னிபெக்கிலிருந்து வந்திருந்த கிர்ஸ்டனின் வாயிலிருந்து எச்சிலும் ரத்தமுமாகத் தெறித்தது. யங்ஸ்டவுன் அரங்கமே எழுந்து நின்று கத்தியது.

"பாத்தியா? ஒண்ணு வாங்கி மூணாத் திருப்பிக் குடுக்குறா," என்றான் எம்மெட். யதீராவின் பயிற்சியாளன் அவன். கழுத்தில் வெள்ளைத் துண்டு தொங்கியது; அதை மேடைக்குள் எறிந்தால் சண்டையை விட்டுக்கொடுத்ததாக அர்த்தம்.

"பாத்தேன். கேக்கவும் செஞ்சேன்," என்றாள் லோர்னா.

"என்னத்தக் கேட்ட?"

"காதுக்குப் பின்னாடி விழுந்தத."

மணி அடித்தது. அறுபத்தொரு வயது லோர்னா வாஸ்லினும் பஞ்சுக்குச்சிகளும் எடுத்துக்கொண்டு மேடையேறினாள். சண்டை நாளில் வெட்டுக் காயத்தில் ரத்தத்தை நிறுத்துவது அவள் வேலை. மற்ற நாளெல்லாம் பழைய தேவாலயத்தின் நிலவறையில் இருக்கும் ஜிம்மில் யதீராவின் உடம்பைக் கட்டுவது அவள் வேலை. எடையைத் தோளில் வைத்துக் குந்தி எழ வைப்பாள், தானும் கூடவே குந்தி எழுவாள். கழுத்தில் எடை கட்டிய சங்கிலி மாட்டித் தூக்க வைப்பாள். யதீரா கயிறு தாண்டும்போது மட்டும் எண்ணவே மாட்டாள். "கதை சொல்லுடி" என்பாள்.

பேச்சு எங்கே அறுகிறதோ அங்கேதான் மூச்சு தீர்கிறது என்பது அவள் கணக்கு. மூன்று வருடமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து யதீராவின் மாமியாரை, இறைச்சிக்கடை முதலாளியை, விட்டுப்போன புருஷனை எல்லாம் கதையாகக் கேட்டிருக்கிறாள். "கதை சொல்றாளா, நல்லா இருக்கான்னு அர்த்தம்" என்று அவள் சொன்னது ஜிம் முழுக்கச் சட்டமாகிவிட்டது. எம்மெட்டும் அதையே பிடித்துக்கொண்டிருந்தான்.

மேடை மூலையில் வேறொரு சட்டம் உண்டு. சுற்றுகளுக்கு நடுவே கிடைக்கும் ஒரு நிமிடத்தில் ஒரே வாய்தான் பேசலாம், அது எம்மெட்டின் வாய். லோர்னாவுக்குக் கைகள் மட்டும்தான்.

"இடது கை வந்தா உள்ள புகுந்துடு, கேக்குதா?" என்றான் எம்மெட்.

"கேக்குது. கிழவி, உங்கிட்ட ஒண்ணு சொல்லவே இல்லையே," என்றாள் யதீரா. "ஐரிஸ் அத்தை கிறிஸ்துமஸுக்குப் பன்றித் தொடையக் குளியல் தொட்டியில ஊறப்போட்டுருக்கா. மாமா கண்ணாடி போடாம உள்ள கால வெச்சுட்டாரு."

புருவத்து வெட்டில் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்த லோர்னாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பூண்டு நாத்தம் போக ரெண்டு நாளாச்சாம். தின்னதென்னமோ எல்லாரும்தான்."

"சிரிக்கிறா பாரு. கல்லு மாதிரி இருக்கா," என்றான் எம்மெட்.

ஐந்தாவது சுற்றில் யதீரா கிர்ஸ்டனின் மூக்கை உடைத்தாள். எலும்பு நொறுங்கியது முதல் வரிசை வரைக்கும் கேட்டது. ஆறாவதில் மூக்குடைந்தவள் வெறிபிடித்து வந்தாள். கயிற்றோடு சாய்த்து வைத்து, காதுக்குப் பின்னால் அதே இடத்தில் இரண்டு, மூன்று, நான்கு என்று போட்டாள். யதீராவின் பல்காப்பு தெறித்து லோர்னாவின் காலடியில் வந்து விழுந்தது. அப்படியும் அவள் கிர்ஸ்டனைப் பிடித்துத் தள்ளி, தாடையில் ஒன்று கொடுத்துவிட்டுத்தான் மூலைக்கு வந்தாள்.

"புள்ளி நம்ம பக்கம். இன்னும் நாலு சுத்து, பெல்ட்டு உன் இடுப்புல," என்றான் எம்மெட். "எப்படி இருக்க?"

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்." யதீரா லோர்னாவின் பக்கம் திரும்பினாள். "கிழவி, உங்கிட்ட ஒண்ணு சொல்லவே இல்லையே. ஐரிஸ் அத்தை கிறிஸ்துமஸுக்குப் பன்றித் தொடையக் குளியல் தொட்டியில ஊறப்போட்டுருக்கா..."

லோர்னாவின் கை நின்றது. அதே சொற்கள், அதே ஏற்ற இறக்கம். நடுவில் ஓரிடத்தில்கூட மூச்சு அறவில்லை. ஆறு சுற்று அடிவாங்கியவளுக்கு அறுந்திருக்க வேண்டும்.

"எம்மெட், நிறுத்து," என்றாள்.

"ஒரே வாய், லோர்னா."

"சொன்ன கதையவே சொல்றா."

"எங்கம்மாகூடத்தான் தெனம் சொல்றா. கதை சொன்னா நல்லா இருக்கான்னு அர்த்தம், நீ போட்ட சட்டம்தான அது?"

"நான் போட்டது தப்பு. துண்டப் போடு."

"ஜெயிக்கிற சண்டையில துண்டு போட்டா இந்த ஊருல நான் தலை காட்ட முடியாது. அவளும் என்னக் கொன்னுடுவா."

மணி அடித்துவிட்டது. ஏழாவது சுற்றின் முதல் குத்திலேயே யதீராவின் முழங்கால் ஒருமுறை மடங்கி நிமிர்ந்தது. லோர்னா துண்டைப் பிடித்து இழுத்தாள். எம்மெட் விடவில்லை. சுற்று நடக்கும்போது மூலைக்காரர் எவர் கயிறு தாண்டி உள்ளே போனாலும் அந்தப் பக்கத்துக்குத் தோல்வி. அது லோர்னாவுக்கும் தெரியும், எம்மெட்டுக்கும் தெரியும். அவள் கயிற்றில் கை வைத்ததும் அவன் அவளுடைய இடுப்பு வாரைப் பிடித்தான். லோர்னா முழங்கையால் அவன் விலாவில் ஓங்கி இடித்தாள். அவன் மடங்கி உட்கார்ந்தான். யதீராவோடு சேர்ந்து மூன்று வருடம் குந்தி எழுந்த கால்கள் அவளைக் கயிற்றுக்கு மேலே தூக்கிப்போட்டன.

நடுவர் கையை வீசிச் சண்டையை நிறுத்தினார். கூட்டத்திலிருந்து பியர் குவளைகள் பறந்து வந்தன. உடைந்த மூக்கோடு கிர்ஸ்டன் கையை உயர்த்தினாள்.

"யாரக் கேட்டுடி உள்ள வந்த?" யதீரா லோர்னாவின் எதிரில் வந்து நின்றாள். "ஜெயிச்சுட்டிருந்தேன். எனக்குன்னு இருந்தது இது ஒண்ணுதான், கிழட்டு நாயே."

"தெரியும்," என்றாள் லோர்னா.

குத்து நேராக வாயில் விழுந்தது. உதடு பிளந்து, பல் ஒன்று நாக்கில் உருண்டது. லோர்னா கையைத் தூக்கவில்லை. இரண்டாவது குத்துக்கு ஓங்கிய யதீராவை இரண்டு காவலர்கள் பிடித்து முக்காலியில் உட்கார வைத்தார்கள். மருத்துவர் அவள் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். ஒரு கண்மணி சுருங்கியது. மற்றது அப்படியே விரிந்து நின்றது. அவர் திரும்பி, தூக்குப் படுக்கை கொண்டுவரச் சொல்லிக் கத்தினார்.

எம்மெட் விலாவைப் பிடித்தபடி மேலேறி வந்தான். கழுத்துத் துண்டை எடுத்து லோர்னாவின் வாயில் அழுத்தினான். அவள் அதைத் தள்ளிவிட்டு மண்டியிட்டு, யதீராவின் கையுறை நாடாவைக் கத்தரிக்கத் தொடங்கினாள்.

யதீரா அவளையே உற்றுப் பார்த்தாள்.

"கிழவி, வாயெல்லாம் ரத்தம். யாரு அடிச்சா?"

"இடிச்சுக்கிட்டேன்."

"பாத்து நடக்கக் கூடாதா?" அவள் குரல் கொஞ்சம் குழறியது. "உங்கிட்ட ஒண்ணு சொல்லவே இல்லையே. ஐரிஸ் அத்தை..."

படுக்கை வந்துகொண்டிருந்தது. லோர்னா கையுறையைக் கழற்றி, வேர்த்த விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லையே, சொல்லலையே," என்றாள். "சொல்லு. ஐரிஸ் அத்தை என்ன பண்ணா?"