புழக்கத்துக்கு இல்லாத காசு

சலவைக்கடை மெஷினிலிருந்து அப்பாவின் படுக்கை விரிப்புகளை இழுத்துக்கொண்டிருந்தாள் இதாலினா. அவர் இறந்து மூன்று நாள். பதினோரு மணிக்கு அடக்கப் பூசை. விரிப்புகளுக்கு இன்றைக்கு என்ன அவசரம் என்று அவளுக்கே தெரியவில்லை.

கடைக்காரர் யோனான் ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். நிறைய கால் டாலர் காசுகள். முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தன.

"உங்க அப்பாவோடது. மெஷின்ல விழுந்ததை எல்லாம் தனியா எடுத்து வச்சேன்."

ஒவ்வொன்றிலும் பொறித்திருந்த தலைக்குப் பக்கத்தில் சின்னதாக 'எஸ்' என்ற எழுத்து. சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலையில் அடித்தவை. கடைகளுக்கு வராத காசு. சேகரிப்பவர்கள் கூடுதல் விலை கொடுத்து, பிளாஸ்டிக் உறையோடு வாங்குவது. டர்லாக் ஊரின் பால் பண்ணைகளில் வேலை பார்த்த காலம் முழுக்க அப்பா வருடத்துக்கு ஒரு செட் வாங்கினார். விரல் பட்டால் கறை பிடிக்கும் என்று யாரையும் தொட விட்டதில்லை. நேற்று அவர் கட்டிலுக்கடியில் அத்தனை உறைகளும் உடைந்து காலியாகக் கிடந்தன.

அவளுக்கு உடனே தம்பி துவார்த்தேதான் நினைவுக்கு வந்தான். குடித்துக்கொண்டிருந்த காலத்தில் அப்பாவின் கைக்கடிகாரத்தை அடகு வைத்தவன். நேற்றே போன் செய்து, "கோயிலுக்கு வராத. சவப்பெட்டியில உன் கை படக்கூடாது" என்றாள்.  அவன் "சரி" என்றான்.

"துவார்த்தே இங்க வந்துதான் செலவு பண்ணானா?" என்று யோனானிடம் கேட்டாள்.

யோனான் அவளை நிமிர்ந்து பார்த்தார். "அவன் கார் ஓட்டிட்டு வந்தான், அவ்வளவுதான். வியாழக்கிழமை நீ வேலைக்குப் போனதும் அப்பாவக் கூட்டிட்டு வருவான். அவர் நோட்டுக்குச் சில்லறை தர்ற மெஷினோட தட்டுல ஒரு காசைப் போட்டுட்டு அந்த நாற்காலியில உக்காந்துக்குவார். எடுக்கிறவங்க கவனிக்கிறாங்களான்னு பாக்கணும் அவருக்கு."

"கவனிச்சாங்களா?"

"எங்க? எடுத்த வேகத்துல துவைக்கிற மெஷின்ல போட்டுருவாங்க. 'யோனான், உன் கடைக்கு வர்றவன் பூரா குருடு'ம்பார். 'நீங்க மட்டும் என்ன, கண்ணாடியக் கழட்டினா என்னையே மாடுன்னு கறக்க வந்துருவீங்க'ம்பேன்." சிரிக்கப் போனவர் நிறுத்திக்கொண்டார். "ஒரே ஒரு பொம்பளை திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, வேற பையில தனியா வச்சுக்கிட்டா. அன்னைக்கெல்லாம் அதே பேச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உறைய உடைச்சதுக்கு நீ திட்டுவேன்னு. அவன்கிட்ட சத்தியம் வாங்கிட்டார்."

இதாலினா விரிப்புகளை ஈரத்தோடு கூடையில் திணித்தாள். துவார்த்தேக்குப் போன் போட்டாள்; அடித்து ஓய்ந்தது. காரில் ஏறி மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை.

தேவாலய வாசலில் சவ வண்டி வந்து நின்றிருந்தது. பக்கத்தில் ஐந்து ஆண்கள். அடக்கச் சேவைக்காரர் அவளிடம் வந்தார்.

"பெட்டியத் தூக்க ஆறு பேர் வேணும்மா. அஞ்சு பேர்தான் இருக்காங்க. நான் ஒரு கை பிடிக்கட்டுமா?"

"கொஞ்சம் இருங்க."

வண்டிகள் நிறுத்துமிடத்தின் கடைசி மூலையில் துவார்த்தேயின் பிக்கப் வண்டி நின்றது. கறுப்புக் கோட்டோடு உள்ளே உட்கார்ந்திருந்தான். அவள் பக்கத்தில் போனதும் கண்ணாடியை இறக்கினான்.

"கோயிலுக்கு நான் வரல. இங்கதான் நிக்கிறேன்."

"யோனான் கடைக்குப் போயிருந்தேன்," என்றாள்.

அவன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு "ம்" என்றான்.

அவள் வண்டிக் கதவைத் திறந்தாள். 

"பெட்டி தூக்க ஒரு ஆள் குறையுது."

அவன் இறங்கி வந்தான். அடக்கச் சேவைக்காரர் ஒரு ஜோடி வெள்ளைக் கையுறை கொடுத்தார். அது அவன் கைக்குச் சிறியது. உள்ளங்கையில் பாதி வரைதான் ஏறியது. இழுத்துப் பார்த்தான். பிறகு அப்படியே சவப்பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான்.