தோள்மேல் ஒரு கை

காசிமேட்டில் ஒருவர் இறந்தால், உடம்பு வீட்டுக்கு வரும் முன்பே படம் எங்கள் கடைக்கு வந்துவிடும். அன்று காலை பத்து மணிக்கு வந்தவர் விசைப்படகு ஓட்டிய மாரியப்பன், வயது ஐம்பத்தெட்டு. அதாவது, அவருடைய வாட்ஸ்அப் முகப்புப் படம். மகன் திருமுருகன் போனை நீட்டினான். வேறு எந்தப் படத்திலும் அப்பா சிரிக்கவில்லையாம்.

"இந்தக் கைய மட்டும் எட்த்துடுங்கக்கா. அம்மா பாத்தா பேஜாராயிடும்."

தோளில் மூன்று விரல்கள், கொஞ்சம் வளையல். யாருடைய கை என்று நான் கேட்கவில்லை. நான்கு வருஷமாகக் கண்ணீர் அஞ்சலி பேனர் செய்கிறேன். லுங்கியோடு செத்தவருக்குக் கோட்டு மாட்டியிருக்கிறேன். சண்டையில் இருந்த தம்பியைக் கீழே சொந்தக்காரர் வரிசையிலிருந்து தூக்கியிருக்கிறேன், சமாதானமான பிறகு அடுத்த சாவில் சேர்த்தும் இருக்கிறேன். மூன்று மணிக்கு மேல் கல்லூரிக்குப் போய்க் காட்சிப் பண்பாடு படிக்கிறேன். ஒரு படத்துக்குச் சட்டம் போடுவது என்றால் எதை வெளியே விடுவது என்று முடிவு செய்வதுதான் என்று மேடம் இரண்டு மணி நேரம் நடத்தினார்கள். கடையில் அது மூன்று நிமிஷ வேலை. எனக்குத் தூக்கம் வருகிறது, இரண்டு இடத்திலும்.

விரல்களை அழித்து, சட்டைக் கோடுகளை இழுத்துச் சேர்த்தேன். சுத்தமாக வந்தது. திருமுருகன் பந்தல்காரரைப் பார்க்கக் கிளம்பிவிட்டான்.

அவன் போனதும், வெளியே ஓரமாக நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா வாசலில் வந்து நின்றார். அழுது முடித்த முகம். பெயர் சிலுவையம்மாள் என்று சொல்லித் தன் போனைக் காட்டினார். அதே படம், முழுசாக. வேளாங்கண்ணிக் கடற்கரை, மாரியப்பன், பக்கத்தில் இவர்.

"பதினோரு வருசம் கண்ணு. சாவுக்கு என்னால போவ முடியாது. தெருமொனை வரிக்கும் போய்ட்டுத் திரும்பிட்டேன். அந்தக் கைய வுட்டுடு. மூணு வெரலு, யாருக்குத் தெரியப் போவுது?"

"பிரிண்டுக்குப் போயிட்ச்சும்மா," என்றேன்.

பொய். இன்னும் அனுப்பவில்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் விரல்கள் திரும்பி வந்துவிடும். ஆனால் பந்தலில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு அம்மாவும் என் கண்முன் வந்தார். முதலாளி சுஹைப் பாய் கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு இந்த வேலை வேண்டும். சொன்ன வாயை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது.

சிலுவையம்மாள் நம்பினாரா தெரியவில்லை. "காட்டு," என்றார். திரையைத் திருப்பினேன். வெகுநேரம் பார்த்தார்.

"கைய எட்த்துட்டே. எம்பக்கம் சாஞ்சிகினு கீறாரே, அத்த இன்னா பண்ணுவே?"

அவர் போன பிறகுதான் பார்த்தேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்மேல் தூங்கி விழுகிறவர் மாதிரி மனுஷன் இடுப்பிலிருந்தே ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தார். பக்கத்தில் யாருமில்லை. படிக்கிற படிப்புக்கு நான்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும். நேராக்குவது பெரிய விஷயமில்லை, ஐந்து டிகிரி திருப்பினால் போதும். திருப்பவில்லை. அப்படியே அனுப்பினேன்.

மூன்று மணிக்கு ஷேர் ஆட்டோ பிடிக்க அந்தத் தெரு வழியாகத்தான் போனேன். இரண்டு சவுக்குக் கம்பங்களுக்கு நடுவே பேனரைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். திருமுருகன் கீழே ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினான்.

"கோணலா கீதுடா. லெப்ட்ட தூக்கு. இன்னும் தூக்கு."

தூக்கினார்கள். மாரியப்பன் நேரானார். பெயர், தேதி, குத்துவிளக்கு, கீழே சொந்தக்காரர் வரிசை எல்லாம் வலது பக்கம் சரிந்து இறங்கின. மேலே இருந்தவன் சிரித்துவிட்டான். "இப்போ எய்த்து கோணலா கீது மாமு." மறுபடி இறக்கினார்கள். மறுபடி ஏற்றினார்கள்.

பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த பட்டம்மாள், மாரியப்பனின் மனைவி, தலை தூக்கிப் பேனரைப் பார்த்தார். அழுகை நின்றிருந்தது.

"வுட்றா. அவுரு அப்பிடித்தான் கீறாரு."

திருமுருகன் கயிற்றை விடவில்லை.